ஒரு நாளைக்கு ஓர் இழை

1

எங்கள் ஊரில் இப்போது சூரியன் பத்தரை மணிக்குத்தான் எழுந்திருக்கிறது. எழுந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மரங்களின் தலைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நான் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் போய்விடுகிறது. போன பிறகும் நெடுநேரம் வெளியே ஒரு நீல வெளிச்சம் நிற்கும். பனியிலிருந்து வருகிறதா, வானத்திலிருந்து வருகிறதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

‘எங்கள் ஊர்’ என்று கை தானாக எழுதிவிட்டது. நான் சொல்வது பின்லாந்தின் வடக்கே, ஆற்றோரமாக இருக்கும் ஒரு சிறிய ஊரை. காகித ஆலை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இருபத்திரண்டு வருஷமாகிறது. பள்ளத்தூரை மட்டும்தான் எங்கள் ஊர் என்று சொல்வேன் என்று வந்த புதிதில் வீம்பாக இருந்தேன். வீம்பு எப்போது கழன்று விழுந்தது என்று தெரியவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாதம் சுகாதார நிலையத்தில் கொடுத்த ஒரு படிவம். ‘உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும்?’ என்று அதில் ஒரு கேள்வி. பள்ளத்தூரில் இருக்கும் என் அக்காவின் எண்ணை எழுதினேன். எங்களில் அக்காவை ஆச்சி என்போம். ஆச்சியின் எண்ணுக்குக் கட்டங்கள் போதவில்லை. மிஞ்சிய இரண்டு இலக்கங்களை ஓரத்தில் நெருக்கி எழுதினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டு எண்ணைக் கணினி வாங்காது என்றாள். “இந்த நாட்டில் உங்களுக்கு யாருமில்லையா?”

“மகள் இருக்கிறாள். ஹெல்சிங்கியில்.”

“அப்புறமென்ன, அவர் எண்ணை எழுதுங்கள்.”

எழுத வரவில்லை. எனக்கு ஏதேனும் நேர்ந்தால் என்று கேட்கிறார்கள். நான்கு வருஷத்துக்கு முன்பு நேர இருந்ததையே நான் அவளிடம் சொல்லவில்லை. பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர் இருமினார். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

செட்டிநாட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிள்ளையார் நோன்பு என்று ஒன்று உண்டு. திருக்கார்த்திகையன்று தொடங்கி, கோடி வேட்டியிலிருந்து, அதாவது இன்னும் தண்ணீர் காட்டாத புது வேட்டியிலிருந்து, நாளுக்கு ஒன்றாக நூல் உருவி எடுத்து வைப்போம். இருபத்தொன்று சேர்ந்ததும் திரியாகத் திரித்து, நெய்யில் நனைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்த மாவு உருண்டையில் நட்டு ஏற்றுவோம். பிறகு அந்தச் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வோம். இதற்கு இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். வீட்டில் மூத்தவர் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். வயிற்றில் பிள்ளை இருப்பவள் இரண்டு வாங்கிக்கொள்வாள், பிள்ளைக்கும் சேர்த்து.

என் மகள் தேனம்மை வயிற்றில் இருந்தபோது, பள்ளத்தூரில் ஆச்சிதான் இழை கொடுத்தார். இரண்டாவதை வாங்கும்போது என் மனைவி உமையாளுக்குச் சிரிப்பு வந்து, சுடர் அணைந்துபோனது. “அதுக்குள்ள என்ன அவசரம், அவளுக்கு வேணாங்குறா” என்று சொல்லிக்கொண்டே ஆச்சி மறுபடி ஏற்றிக் கொடுத்தார்.

இங்கே வந்த பிறகும் விடவில்லை. தேனம்மை ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது வீட்டுப் பண்டிகையைப் படமாக வரையச் சொன்னார்களாம். வாயில் நெருப்போடு மூன்று பேரை வரைந்து கொடுத்துவிட்டாள். மறுநாள் ஆசிரியை எங்களை வரச் சொன்னார். அரைகுறை பின்னிஷில் நான் விளக்க விளக்க அவர் முகம் இன்னும் வெளுத்தது. கடைசியில் உமையாள் ஒரு டப்பாவில் மாவு கொண்டுபோய் அந்த அம்மாளுக்கு ஓர் உருண்டை கொடுத்த பிறகுதான் விவகாரம் முடிந்தது. பதினைந்து வயதில் தேனம்மை, “எனக்கு வேணாம், நீங்க எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டாள். வற்புறுத்தவில்லை. அப்புறம் தலைநகரில் படிப்பு, வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் ஐந்து நிமிஷம் என்று ஆகிவிட்டது.

3

உமையாள் நோயில் போய் ஒன்றரை வருஷம் கழித்து வந்த குளிர்காலம் அது. எனக்குச் செத்துப்போக வேண்டும் என்று இருந்தது. இதைச் சுற்றி வளைத்து நாகரிகமாக எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அப்படித்தான் இருந்தது.

பெரிய அழுகையெல்லாம் இல்லை. அழுகை முதல் வருஷத்தோடு தீர்ந்துவிட்டது. எல்லாம் தொலைவில், மூடிய ஜன்னலுக்கு வெளியே நடப்பதுபோல் இருந்தது. வேலைக்குப் போனேன். சாவிகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். உமையாள் வளர்த்த செடிகளை ஆலையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். சாத்தப்பன் தேறிவிட்டான், வீட்டை ஒழுங்கு செய்கிறான் என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

திருக்கார்த்திகையன்று ஆச்சி வீடியோவில் கூப்பிட்டார். “கோடி வேட்டி இருக்கா தம்பி?”

இருந்தது. கடைசியாக ஊருக்குப் போனபோது உமையாள் காரைக்குடியில் வாங்கியது. என் அறுபதாம் கல்யாணத்துக்கு என்று எட்டு வருஷம் முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கும் பழக்கம் அவளுக்கு.

“அப்ப இன்னையிலருந்து எடுத்து வை. ஒத்தையில இருந்தாலும் நோன்பு நோன்புதான்” என்றார் ஆச்சி.

சரி என்றேன். சச்சரவு வேண்டாம், நோன்பு வரைக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன். நோன்பு முடிந்துவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணம் எனக்கு அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது.

தினமும் காலையில் வேட்டியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினேன். கோடித் துணியின் கஞ்சி வாசனை விரலில் ஒட்டும். அதைச் சமையலறை மேசையில் ஒரு கோப்பைக்குள் சுற்றி வைப்பேன். அன்றைக்கு நான் மனதோடு செய்த வேலை அது ஒன்றுதான்.

நடுவில் ஒரு சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இருட்டில் விழித்தேன், இருட்டிலேயே மறுபடி தூங்கினேன். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி போகும் பஸ், உறைந்த ஆற்றின்மேல் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு நான்கு வரிசை முன்னால் உமையாள் உட்கார்ந்திருக்கிறாள். ஈரம் காயாத பின்னல், மல்லிகைப்பூ. கூப்பிட்டால் திரும்பிவிடுவாள். ஆனால் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கிறார், நானோ எல்லாப் பைகளிலும் தேடிக்கொண்டே இருக்கிறேன். “எடுத்தாச்சா, எடுத்தாச்சா” என்கிறார் அவர். விழித்தபோது ஜன்னலில் அந்த நீலம் இருந்தது. காலையா மாலையா, என்ன கிழமை என்று தெரியவில்லை. எழுந்து ஒரு நூலை உருவிக் கோப்பையில் போட்டேன்.

4

நோன்பு அன்று பிற்பகல் மூன்றரைக்கு ஆச்சி கூப்பிட்டார். அங்கே ஏழு மணி. இங்கேயும் இருட்டிவிட்டது. ஆச்சிக்குப் பின்னால் உறவுக்காரர்களின் இரைச்சல், எண்ணெயில் வடை பொரியும் சத்தம்.

“எண்ணிட்டியா?”

“எண்ணிட்டேன் ஆச்சி. இருபதுதான் இருக்கு.”

“நல்லா எண்ணு.”

போனுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினேன். இருபதுதான். தூங்கிப்போன அந்த நாள் எங்கோ விழுந்துவிட்டது.

“சரி, இப்ப ஒண்ணு உருவிக்கிறேன்” என்றேன்.

“இன்னைக்கு உள்ளதை எடுத்துட்டேல்ல?”

“எடுத்துட்டேன்.”

“அப்ப இன்னைக்கு முடிஞ்சு போச்சு. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். குறையுறதை நாளைக்கு எடு.”

“நோன்பே இன்னைக்குத்தான். நாளைக்கு எடுத்து என்ன செய்யச் சொல்றீக? விடுங்க ஆச்சி. இனிமே எடுத்து என்ன ஆகப்போகுது.”

படம் ஆடியது. சுவர், கூரை, ஒரு பிளாஸ்டிக் வாளி எல்லாம் வந்து போயின. போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறார் என்று புரிந்தது. மறுபடி முகம் வந்தது, மிகக் கிட்டத்தில்.

“சாத்து, என்னடா நெனச்சுக்கிட்டு இருக்க? செத்துப்போகலாம்னு இருக்கியா?”

அப்படியே கேட்டார். ஒன்றரை வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விசாரித்தார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஊருக்கு வந்துவிடேன் என்பார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதும் பொய் சொல்லத் தோன்றவில்லை.

“ஆமா ஆச்சி.”

ஆச்சி புத்தி சொல்வார், உமையாள் பெயரைச் சொல்லுவார், பிள்ளையை நினைத்துப் பார் என்பார் என்று காத்திருந்தேன். அவர் முகம் குழந்தை முகம்போல் கோணியது.

“எனக்குப் பயமா இருக்குடா. இங்கன இருந்துக்கிட்டு நான் என்ன செய்வேன்? பஸ் ஏறி வர முடியுமா அங்குட்டு?”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அங்கே யாரோ ஆச்சியைத் தேடிக்கொண்டு வந்து, பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, சந்தையில் பேசி முடிப்பவர் குரலில் சொன்னார்:

“இருபதோடயே எடு. ஒண்ணு எனக்குப் பாக்கி. நாளைக்கு எடுத்து வை, கூப்பிட்டுக் கேப்பேன். நாளான்னைக்கும் கேப்பேன். அப்புறம், அங்குட்டு ஆஸ்பத்திரி இருக்குல்ல? விடிஞ்சதும் போ. என்கிட்டச் சொன்னதை அப்படியே அவுககிட்டயும் சொல்லு.”

“தினமும் கேப்பீகளா?”

“கேப்பேன். எனக்கு வேற என்ன வேலை கெடக்கு.”

திரியை ஏற்றினேன். திரையில் ஆச்சி கையை நீட்டினார், கொடுப்பதுபோல. நான் இந்தப் பக்கம் என் இடது கையிலிருந்து வலது கையில் வாங்கிக்கொண்டு வாயில் போட்டேன். அதே நொடியில் தலைக்கு மேல் புகை அலாரம் வீடு இடியும்படி அலறியது. வாய் நிறைய மாவோடு, முக்காலியில் ஏறித் துண்டை வீசி வீசி நான் ஆடியதைப் பார்த்து, அழுத கண்ணோடு ஆச்சி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து புரையேறியது. சுடர் நாக்கில் சுட்டிருந்தது, அது இரண்டு நாள் எரிந்தது.

5

மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனேன். செவிலி, “மித்தென் யாக்சாத்?” என்று கேட்டாள். இங்கே எல்லோரும் எல்லோரையும் கேட்பது. எப்படி இருக்கிறாய் என்று மேலுக்குப் பொருள். ஆனால் உள்ளே, நாளைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பு இருக்கிறதா என்றும் கேட்கிறது. பதினெட்டு வருஷமாக அதற்கு “நல்லா இருக்கேன்” என்றுதான் பதில் சொல்லி வந்தேன். அன்றைக்கு, இல்லை என்றேன். வேற்றுமை உருபெல்லாம் தப்பாகத்தான் இருந்திருக்கும். அவள் திருத்தவில்லை, கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்து, வாரம் ஒருமுறை பேச்சு என்று ஆரம்பித்தது. அதில் நிறையப் படிவங்கள். இப்போது மாதம் ஒருமுறை போகிறேன்.

ஆச்சியும் விடவில்லை. எனக்குக் காலை ஏழு மணி ஆகும்போது பள்ளத்தூரிலிருந்து போன் வரும். “எடுத்தாச்சா?” “எடுத்தாச்சு.” சில நாள் அதோடு வைத்துவிடுவார். சில நாள் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸிலிருந்து கத்திக் கேட்பார். பாக்கி ஒன்றை மறுநாளே எடுத்துவிட்டேன். அதை ஆச்சியும் சொல்லவில்லை, நானும் நினைவூட்டவில்லை. தினமும் ஒன்று உருவிக்கொண்டே இருந்தேன்.

ஊர்ப்பக்கம் யாராவது தன்னை மாய்த்துக்கொண்டால், கோழை என்பார்கள் சிலர், நெஞ்சழுத்தம் என்பார்கள் சிலர். பஸ் வரும்வரை பேசுவார்கள். எனக்கு இரண்டும் தெரியாது. அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று இப்போது கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த தைரியம் மிகச் சின்னது. இருட்டில் கட்டிலிலிருந்து காலை இறக்கிக் குளிர்ந்த தரையில் வைப்பது. அங்கிருந்து மேசை வரை ஒன்பது எட்டு. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதால்தான் அந்த ஒன்பது எட்டையும் நடந்தேன்.

ஒரு நாள், இந்த வேட்டி எப்போது தீரும் என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்கு அறுபது இழை. நீளத்தோடு பெருக்கினால் இருபத்து மூன்று வருஷத்துக்கு மேல் வருகிறது. தனியாக உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்தேன். முன்கூட்டியே வாங்கி வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

6

படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்த அன்று மாலை தேனம்மையைக் கூப்பிட்டேன். உன் எண்ணைக் கொடுக்கட்டுமா என்றுதான் கேட்டேன். “என்ன அப்பச்சி, உடம்பு சரியில்லையா?” என்றாள். எங்களில் அப்பாவை அப்பச்சி என்போம். இல்லை என்று நான் சொன்ன விதம் சரியாக இருந்திருக்காது. நோன்புக்கு முந்தின நாள் ஏழு மணி நேரம் ரயிலில் வந்து இறங்கினாள்.

மறுநாள் காலையில் சோபாவின்மேல் கிடந்த வேட்டியைத் தூக்கிப் பார்த்தாள். நூல் உருவ உருவ ஓரத்துக் குஞ்சம் இரண்டடி நீளத்துக்கு வந்துவிட்டது. சிக்கு விழாமல் இருக்க அதைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னி வைத்திருந்தேன்.

“இது என்ன அப்பச்சி? யாரு பின்னுனா, இவ்வளவு மோசமா?”

சொன்னேன். சாவிகளிலிருந்து, செடிகளிலிருந்து, அலாரம் வரை எல்லாவற்றையும். கோபம் வந்தால் அவளுக்குப் பின்னிஷ்தான் வரும். எழுந்து நின்று மடமடவென்று கொட்டினாள். பாதி புரியவில்லை, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. கடைசியில் தமிழுக்கு வந்தாள். “அயித்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியக்கூடாதா? நாலு வருஷமா நான் ஞாயித்துக்கிழமை யாரோட பேசுனேன்?”

“தப்புதான் தேனு. உன்னைப் பயமுறுத்தக்கூடாதுன்னு...”

அவள் ஜன்னலுக்குப் போய்விட்டாள். சூரியன் வரும் நேரம். ஆற்றின்மேல் பனிப்புகை எழுந்து அக்கரையே தெரியவில்லை. திரும்பாமலே கேட்டாள்:

“இதுல பாதி எனக்கு வெட்டித் தாரீகளா?”

அம்மா வாங்கிய வேட்டி, ஞாபகத்துக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். “எடுத்துக்கோ. எதுக்கு?”

“நானும் எடுக்கணும். தினம் ஒண்ணு.”

அவள் பின்னலில்லாத கட்டை முடியையும் தோளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். ஆச்சி அதை எவ்வளவு பாடுபட்டுக் கேட்டிருப்பார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“தேனு, உனக்கும் செத்துப்போகணும்னு இருக்கா?”

“எப்பவும் இல்ல. சில நாள். இந்த வருஷம் நெறைய நாள்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான் அப்பச்சி.”

அன்றே அவள் பகுதிச் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தோம். வரிசையில் பதினான்காவது ஆள் என்று இயந்திரம் சொன்னது. பாட்டுப் போட்டார்கள். பதினான்கும் தீரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டேன். ஹெல்சிங்கியில் அவளைப் பார்க்க, அந்த வாரத்திலேயே நேரம் கிடைத்தது.

அதன் பிறகு ஆச்சியைக் கூப்பிட்டோம்.

“கோடி வேட்டியில கத்திரி வைப்பாகளா யாராச்சும்?” என்று பிடித்துக்கொண்டார். தேனம்மை தானே போனை வாங்கி, ஏன் என்று சொன்னாள். படத்தில் சுவர் வந்தது, கூரை வந்தது, அதே வாளி வந்தது. வெகுநேரம் வாளியே தெரிந்தது. பிறகு குரல் மட்டும் கேட்டது:

“வெட்டுறதுதான் வெட்டுறீக, நடுவுல மடிச்சுக் கோணாம வெட்டுங்க. பிள்ளைக்கு முழு ஓரமா உள்ள பக்கத்தைக் கொடு சாத்து.”

மிச்சமிருந்தது ஆளுக்குப் பத்து வருஷம் இருக்கும். மாலையில் நான் மூத்தவனாக நின்று இழை கொடுத்தேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் வாங்கிக்கொண்டாள். அலாரத்தின் பேட்டரியை முன்னாடியே கழற்றிவிட்டேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் தமிழ் படிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். படிவத்தில் இப்போது அவள் எண் இருக்கிறது. அவள் படிவத்தில் என் எண்.

7

அவள் திரும்பிப்போய் ஒன்பது நாளாகிறது. காலை ஏழு மணிக்குச் செய்தி அனுப்புவாள்: ‘எடுத்தாச்சு. நீங்க?’ நானும் எடுத்தாச்சு என்று அனுப்புவேன். பிறகு ஆச்சியின் போன் வரும்.

இன்று காலை ஏழு மணிக்கு அவள் செய்தி வரவில்லை. ஏழேகாலுக்கும் வரவில்லை. ஆச்சி கூப்பிட்டார், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாத இருட்டு. நான்கு வருஷமாக, ஒவ்வொரு நாளும், நான் போனை எடுக்கும்வரை ஆச்சி பள்ளத்தூரில் இப்படித்தான் நின்றிருப்பார். ஏழரைக்கு நானே தேனம்மையைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“அப்பச்சி?” தூக்கக் குரல். “அலாரம் அடிச்சது தெரியல. தூங்கிட்டேன்.”

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“அப்பச்சி, இருக்கீகளா? இன்னும் எடுக்கல. இருங்க, எந்திரிக்கிறேன். போனை வைக்காதீக.”

போர்வை விலகும் சத்தம் கேட்டது. தரையில் கால் வைக்கும் சத்தம். பிறகு ஒவ்வோர் எட்டாக நடந்து போகும் சத்தம். நான் போனை வைக்கவில்லை.